சால்டரிங், போர்டு ஆய்வுச் சான்றிதழ்: எதைத் தேர்ந்தெடுப்பது, எப்படித் தயாராவது? முழுமையான வழிகாட்டி

மின்னணுச் சர்க்யூட் போர்டு தயாரிக்கும் கூடங்களில் தினமும் நடக்கும் வாக்குவாதம் ஒன்று உண்டு. சால்டர் செய்தவர், அதாவது உலோகக் கலவையை உருக்கிப் பாகங்களைப் போர்டோடு இணைத்தவர், "நல்லாத்தான் பிடிச்சிருக்கு" என்பார். ஆய்வு மேசையில் இருப்பவர் "மங்கலா இருக்கு, மறுபடி தொடுங்க" என்று திருப்பி அனுப்புவார். இருவருக்குமே நீண்ட அனுபவம் இருக்கும். அதனாலேயே யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். இருவருக்கும் பொதுவான ஓர் அளவுகோல் இருந்தால்தான் பேச்சு முடியும். சால்டரிங், ஆய்வு சார்ந்த சான்றிதழ் பயிற்சிகள் தருவது அந்த அளவுகோலைத்தான். சுத்தமாகச் சால்டர் செய்யக் கற்பது அதில் ஒரு பாதி. ஏற்கத்தக்க இணைப்பைத் தொடாமல் விடக் கற்பது இன்னொரு பாதி. என் கணக்கில் இரண்டாவதுதான் கடினம்.

இந்தத் துறைக்குப் புதிதாக வருபவர், கூடத்தில் ஏற்கெனவே வேலை செய்துகொண்டு சான்றிதழ் எடுக்க நினைப்பவர் என இருவரையும் மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

படி 1: எந்தத் தரநிலை உங்களுக்கு வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

உலகெங்கும் அதிகம் புழங்குவது ஐபிசி தரநிலைகள். 1957-ல் அச்சிட்ட சர்க்யூட் தயாரிப்பாளர்களின் சங்கமாகத் தொடங்கிய அமைப்பு இது. 2025-ல் குளோபல் எலக்ட்ரானிக்ஸ் அசோசியேஷன் என்று பெயரை மாற்றிக்கொண்டது. ஆனால் தரநிலைகளும் சான்றிதழ்களும் இன்னும் ஐபிசி என்ற பெயரிலேயே வருகின்றன. கூடத்தில் யாரும் புதுப் பெயரைச் சொல்லிக் கேட்க மாட்டீர்கள்.

பலர் இந்த இடத்திலேயே குழம்பி, தங்கள் வேலைக்குப் பொருந்தாத வகுப்புக்குப் பணம் கட்டிவிடுகிறார்கள். முக்கியமான ஐந்தையும் பிரித்துச் சொல்கிறேன்.

ஐபிசி-ஏ-610 என்பது முடிந்த போர்டைப் பார்த்து, ஏற்கலாமா கூடாதா என்று சொல்வதற்கானது. படங்கள் நிறைந்த புத்தகம். 1983-ல் முதலில் வந்தது. ஆய்வாளர், தர மேற்பார்வையாளர், போர்டை வாங்கும் நிறுவனத்தில் வரவை ஆய்வு செய்பவர் ஆகியோருக்கு இதுதான். இதில் செய்முறைத் தேர்வு கிடையாது. சால்டரிங் அயர்னைத் தொடவே வேண்டாம்.

ஜே-எஸ்டிடி-001 என்பது சால்டர் செய்யும் முறைக்கானது. என்ன பொருள், எந்தச் சூழல், எப்படிச் சுத்தம், எப்படிச் சரிபார்ப்பு என்று வேலை நடக்கும் விதத்தையே கட்டுப்படுத்தும். கையால் சால்டர் செய்பவரும் ப்ராசஸ் இன்ஜினியரும் எடுக்க வேண்டியது இது. செய்முறை உண்டு.

ஐபிசி-7711/7721 ரீவொர்க் (திருத்த வேலை), பழுதுநீக்கம், மாற்றம் செய்பவர்களுக்கானது. பெயர்ந்த பேடை (பாகத்தின் கால் பிடிக்கும் செம்புத் தளம்) ஒட்டுவது, அறுந்த ட்ராக்கை (போர்டின் செம்புப் பாதை) சரிசெய்வது, பல கால் ஐ.சி.யைப் போர்டு கெடாமல் எடுப்பது எல்லாம் இதில் வரும். ஐபிசி/டபிள்யூஹெச்எம்ஏ-ஏ-620 கேபிள், வயர் ஹார்னஸ் (வயர்க் கட்டு) வேலைக்கானது. கிரிம்பிங், அதாவது வயர் நுனியில் இணைப்பியை நெருக்கிப் பிடிக்கவைக்கும் வேலை செய்கிறவர்கள் 610-ஐ எடுத்து நேரத்தை வீணாக்க வேண்டாம். ஐபிசி-ஏ-600 பாகங்கள் ஏறாத வெறும் போர்டின் தரத்தைப் பார்ப்பதற்கு.

விண்வெளித் துறைக்குப் போகிறவர்கள் கூடுதலாக ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஜே-எஸ்டிடி-001-க்கு விண்வெளிப் பயன்பாட்டுக்கென்றே தனி இணைப்பு உண்டு. ஐரோப்பிய விண்வெளித் திட்டங்கள் ஈசிஎஸ்எஸ் என்ற தங்கள் சொந்தத் தரநிலைகளைக் கேட்கும். ஐபிசி சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு அங்கே போனால் தனியாகப் பயிற்சி எடுக்கச் சொல்வார்கள்.

ஆய்வு மட்டும் உங்கள் வேலை என்றால் 610. அயர்ன் பிடிக்கிறீர்கள் என்றால் ஜே-எஸ்டிடி-001. இரண்டும் செய்கிறீர்கள், ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் நான் ஜே-எஸ்டிடி-001-ஐச் சொல்வேன். அதன் செய்முறை வேலைகள் கண்ணையும் சேர்த்தே பழக்கிவிடும்.

படி 2: எந்த நிலை?

ஒவ்வொரு தரநிலைக்கும் பல நிலைகள் உண்டு. சிஐஎஸ் எனப்படும் ஸ்பெஷலிஸ்ட் நிலைதான் வேலை செய்பவர்களுக்கு. சிஐடி எனப்படும் ட்ரெய்னர் நிலையை முடித்தவர் மற்றவர்களுக்கு சிஐஎஸ் பயிற்சி கொடுத்துத் தேர்வு நடத்தலாம். அவர் இன்னொரு சிஐடியை உருவாக்க முடியாது. அது பயிற்சி மையங்களில் உள்ள மாஸ்டர் பயிற்சியாளரின் வேலை. சிஎஸ்இ என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. தரநிலையை ஆழமாக அறிந்தவர், ஆனால் பாடம் நடத்தும் பொறுப்பு இல்லாதவர்.

எல்லாம் 24 மாதம் செல்லும். அதன் பின் மறுபடி தேர்வு எழுத வேண்டும்.

பணியாளர்கள் நிறைய உள்ள கூடம் என்றால் ஒருவரை சிஐடி ஆக்கி, அவரை வைத்து மற்றவர்களை உள்ளேயே பயிற்றுவிப்பது வழக்கம். இதில் ஒரு சிக்கல் உண்டு. சான்றிதழ் ஆளின் பெயரில் இருக்கிறது. அவர் வேலையை விட்டுப் போனால் சான்றிதழும் கூடவே போய்விடும். ஒரே ஒருவரை நம்பி முழுத் திட்டத்தையும் கட்டாதீர்கள்.

நாள் கணக்கு: 610 ஸ்பெஷலிஸ்ட் வகுப்பு பொதுவாக 2 அல்லது 3 நாள். ஜே-எஸ்டிடி-001 எல்லாப் பகுதிகளையும் எடுத்தால் 5 நாள் வரை போகும். ஜே-எஸ்டிடி-001 பாடத்தில் முதல் பகுதி அனைவருக்கும் கட்டாயம். அதற்குப் பின் வயரும் அதை இணைக்கும் டெர்மினலும், துளை வழிப் பாகங்கள், மேற்பரப்புப் பாகங்கள், ஆய்வு முறை என்று தனித்தனியாக வரும். தேவையானதை மட்டும் எடுக்கலாம். மேற்பரப்புப் பாகங்களை மட்டும் கையாளும் லைனில் உள்ளவர் டெர்மினல் பகுதியை விட்டுவிடலாம். ஆனால் அவர் சான்றிதழில் அது இருக்காது என்பதை மேலாளர் மறக்கக் கூடாது.

படி 3: மூன்று தயாரிப்பு வகுப்புகளை மனதில் ஏற்றுங்கள்

பாடத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. தயாரிப்புகள் மூன்று வகுப்பு. வகுப்பு 1 பொதுவான மின்னணுப் பொருள்கள். வேலை செய்தால் போதும். வகுப்பு 2 தொடர்ந்து நீண்ட காலம் உழைக்க வேண்டியவை. நின்றுபோனால் சிரமம், ஆனால் உயிருக்கு ஆபத்தில்லை. வகுப்பு 3 நிற்கவே கூடாதவை: உயிர் காக்கும் கருவிகள், விமானக் கட்டுப்பாட்டு அமைப்புகள் போன்றவை.

வகுப்பைத் தீர்மானிப்பது வாடிக்கையாளர். ஆய்வாளர் அல்ல, லைன் மேற்பார்வையாளரும் அல்ல. "எதுக்கும் வகுப்பு 3 படியே பார்த்துடுவோம், பாதுகாப்பு" என்று சிலர் சொல்வார்கள். பாதுகாப்பு போலத்தான் தெரியும். ஆனால் வகுப்பு 2-க்கு ஏற்கத்தக்க இணைப்பைத் திரும்பச் சூடாக்கினால் சால்டருக்கும் செம்புக்கும் நடுவே உருவாகும் உலோகக் கலவை அடுக்கு தடிக்கும். அந்த அடுக்கு நொறுங்கும் தன்மை கொண்டது. அதிகப்படியான சூட்டில் பேடும் பெயரலாம். நல்ல இணைப்பை அழகுபடுத்தப் போய்ப் பலவீனமாக்கியதுதான் மிச்சம்.

ஒரு விதியை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். வகுப்பு 1-ல் பழுது என்று சொல்லப்பட்டது வகுப்பு 2, 3-லும் பழுதே. வகுப்பு 3-ல் ஏற்கத்தக்கது கீழே எங்கும் ஏற்கத்தக்கதே. தேர்வில் சில கேள்விகளுக்கு இந்த ஒரு வரியே பதில்.

படி 4: கையைத் தயார்ப்படுத்துங்கள்

செய்முறை உள்ள பாடத்துக்குப் போகிறவர்கள் வகுப்பிலேயே முதன்முறையாக அயர்ன் பிடிக்கக் கூடாது. அங்கே நேரம் தரநிலைக்கே சரியாகப் போய்விடும். கைப்பழக்கத்தைச் சொல்லித்தர யாருக்கும் நேரம் இருக்காது. சில வாரமாவது பழைய போர்டுகளில் பழகிவிட்டுப் போங்கள்.

முதலில் பொருள். 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு ஈயமும் கலந்த சால்டர் 183 டிகிரி செல்சியஸில் ஒரேயடியாக உருகி, ஒரேயடியாக உறையும். நடுவில் களி போன்ற நிலை இல்லை. அதனால் பழகுபவருக்கு எளிது. ஈயம் போன்ற ஆபத்தான பொருள்களைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பாவின் ஆர்ஓஹெச்எஸ் விதி 2006 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பின், பெரும்பாலான தயாரிப்பு ஈயமில்லா சால்டருக்கு மாறிவிட்டது. அதில் அதிகம் புழங்கும் எஸ்ஏசி305-ல் 3 சதவீதம் வெள்ளி, 0.5 சதவீதம் செம்பு, மீதி வெள்ளீயம். 217 டிகிரியில் உருகத் தொடங்கும். உங்கள் கூடத்தில் எது பயன்படுகிறதோ அதிலேயே பழகுங்கள். ஒன்றில் பழகிய கை மற்றொன்றில் முதல் சில நாள் தடுமாறும்.

அயர்னின் முனையான டிப் விஷயத்தில் பலர் ஊசி முனையை எடுக்கிறார்கள், சின்ன பேடுக்குச் சின்ன முனை என்ற எண்ணத்தில். சூடு போவது தொடும் பரப்பு வழியாக. ஊசி முனையில் பரப்பே இல்லை. சூடு போதாமல் போக, வெப்பநிலையைக் கூட்டுவார்கள். அப்போது ஃப்ளக்ஸ் (சால்டர் பரவ உதவும் வேதிப்பொருள்) கருகும், டிப் கறுத்துச் சால்டரை ஏற்காது. பேடின் அகலத்துக்கு நெருக்கமான உளி முனை எடுங்கள். ஈயக் கலவைக்கு 320 முதல் 350 டிகிரி, ஈயமில்லாததற்கு 350 முதல் 380 டிகிரி என்று தொடங்கலாம். அதற்கு மேல் கூட்ட வேண்டியிருந்தால் பெரிய டிப் வேண்டும் என்று அர்த்தம். செம்பு அதிகமுள்ள போர்டானால் முன்சூடேற்றம் வேண்டும்.

இப்போது ஒரே ஓர் இணைப்பை நிதானமாகப் பார்ப்போம். துளை வழியாக வந்த ரெசிஸ்டர் கால். டிப்பைத் துடைத்து, நுனியில் துளி சால்டர் ஏற்றுகிறீர்கள். சூட்டைக் கடத்தும் பாலம் அதுதான். டிப் பேடையும் காலையும் ஒரே நேரத்தில் தொட வேண்டும். ஒரு விநாடி கழித்துச் சால்டர் கம்பியை டிப்பில் அல்ல, டிப்புக்கு எதிர்ப்பக்கம் காலும் பேடும் சேரும் இடத்தில் வைக்கிறீர்கள். அங்கே உருகினால் அந்த இடம் சூடேறிவிட்டது என்று பொருள். ஃப்ளக்ஸ் முதலில் ஓடும். மெல்லிய புகை எழும். அதன் பின்னாலேயே சால்டர் பேடின் ஓரம்வரை பரவி, கணத்தில் துளைக்குள் இழுபடும். மேலே குவிந்திருந்த மேடு சற்றுத் தாழ்வதைக் கண்ணால் பார்க்கலாம். அந்தத் தாழ்வுதான் துளை நிரம்புவதன் அடையாளம். கம்பியை முதலில் எடுங்கள், பிறகு டிப்பை. உறையும்வரை போர்டை அசைக்கக் கூடாது. மொத்தம் 2 முதல் 4 விநாடி. அதற்கு மேல் போனால் எங்கோ பிசகு. டிப்பை எடுத்து, ஆறவிட்டு, காரணத்தைத் தேடுங்கள்.

மேற்பரப்புப் பாகங்களுக்கு ஃப்ளக்ஸைத் தாராளமாகத் தடவுங்கள். பல கால் ஐ.சி.யில் எதிரெதிர் மூலைகளில் இரண்டு கால்களை மட்டும் பிடிக்க வைத்து, லென்ஸில் நேராக இருக்கிறதா என்று பார்த்த பின்பே மற்றவற்றைத் தொடுங்கள். எல்லாக் காலும் பிடித்த பின் கோணலைச் சரிசெய்யப் பார்ப்பது பேடைப் பெயர்க்கும் வழி.

வயர், டெர்மினல் பகுதியைத்தான் எல்லோரும் அலட்சியம் செய்கிறார்கள். செய்முறையில் மதிப்பெண் அதிகம் போகும் இடமும் இதுவே. வயரின் இழை வெட்டுப்பட்டிருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்ப்பார்கள். தூண்போல் நிற்கும் டரட் டெர்மினலில் வயர் குறைந்தது 180 டிகிரி சுற்றியிருக்க வேண்டும். இன்சுலேஷனுக்கும் இணைப்புக்கும் நடுவே இடைவெளி இருக்கலாம், ஆனால் அளவோடு. சால்டர் செய்த பின்னும் இழைகளின் வரிவடிவம் தெரிய வேண்டும். எல்லாவற்றையும் மூடி உருண்டையாக்கினால் அது அதிகச் சால்டர். ஸ்ட்ரிப்பரை வயரின் அளவுக்குச் சரியாக வைப்பது என்ற சின்ன வேலையில்தான் பாதி வெற்றி.

பாகத்தின் காலை வளைக்கும்போதும் கணக்கு உண்டு. பாகத்தின் உடலிலிருந்து குறைந்தது அந்தக் காலின் முழு விட்ட அளவு, அதுவும் 0.8 மி.மீ.க்குக் குறையாமல் நேராக விட்டுத்தான் வளைவு தொடங்க வேண்டும். விரலால் உடலோடு ஒட்டி மடிக்கும் பழக்கம் இருந்தால் வகுப்புக்கு முன்பே விட்டுவிடுங்கள்.

படி 5: நிலைமின்சாரமும் வேலையிடமும்

மணிக்கட்டுப் பட்டை, தரைவிரிப்பு, எர்த்திங் எல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவையே. தெரிந்தும் ஏன் தவறுகிறோம் என்றால், நிலைமின்சாரம் உடலில் படுவதை நாம் உணர ஏறத்தாழ 3000 வோல்ட் வேண்டும். சில பாகங்கள் 100 வோல்ட்டுக்கும் கீழேயே கெட்டுவிடும். நமக்கு எதுவும் தெரியாமலே பாகம் கெட்டிருக்கும். பட்டையில் உள்ள 1 மெகாஓம் ரெசிஸ்டர் ஏன் என்று வகுப்பில் கேட்பார்கள். பாகத்தைக் காப்பதற்கு அல்ல. மின்சாரம் உள்ள கம்பியைத் தவறித் தொட்டால் உடல்வழி பாயும் மின்னோட்டத்தைக் குறைத்து உங்களைக் காப்பதற்கு.

ஜே-எஸ்டிடி-001 வேலையிட வெப்பநிலையை 18 முதல் 30 டிகிரிக்குள்ளும் ஈரப்பதத்தை 70 சதவீதத்துக்கு மிகாமலும் வைக்கச் சொல்கிறது. ஈரப்பதம் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் நிலைமின்சாரத் தடுப்பு போதுமானதா என்று சரிபார்க்க வேண்டும். மேசையில் ஒளி 1000 லக்ஸ் அளவில் இருக்க வேண்டும். தேர்வுக்காக மட்டும் மனப்பாடம் செய்யாமல் உங்கள் மேசையில் ஒரு லக்ஸ் மீட்டரை வைத்துப் பாருங்கள். பல மேசைகள் தேறாது.

படி 6: கண்ணைத் தயார்ப்படுத்துங்கள்

ஆய்வு என்றால் மைக்ரோஸ்கோப்பில் பெரிதாக்கிப் பார்ப்பது என்று நினைப்பவர்களுக்கு முதல் நாளே அதிர்ச்சி காத்திருக்கிறது. எவ்வளவு பெரிதாக்க வேண்டும் என்பதற்குத் தரநிலையில் அட்டவணை இருக்கிறது. பேடின் அகலம் 1 மி.மீ.க்கு மேல் என்றால் 1.5 முதல் 3 மடங்கு போதும். 0.5 முதல் 1 மி.மீ. வரை 3 முதல் 7.5 மடங்கு. 0.25 முதல் 0.5 மி.மீ. வரை 7.5 முதல் 10 மடங்கு. அதற்கும் சிறியது என்றால் 20 மடங்கு. சந்தேகம் தீர்க்க இன்னும் உயர்ந்த பெரிதாக்கம் ஒன்று உண்டு: வரிசையாக 4, 10, 20, 40 மடங்கு. ஆனால் அதை முதல் ஆய்வில் பயன்படுத்தக் கூடாது. சாதாரண அளவில் பார்த்து நிராகரித்த ஒன்றை உறுதிசெய்ய மட்டுமே அது. 40 மடங்கில் பார்த்தால் எந்த இணைப்பும் குற்றவாளியாகத்தான் தெரியும்.

பழுதை எப்படித் தேடுவது? கண்ணை அலைய விடாமல் ஒரு வரிசை வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லித்தரும் வரிசை இது: முதலில் பாகம் சரியானதா, திசை சரியா, துருவம் சரியா. பிறகு இடம், அதாவது பேடின் மேல் எவ்வளவு உட்கார்ந்திருக்கிறது. அதன் பின் நனைதல், கூடத்தில் வெட்டிங் என்பார்களே அது. கடைசியில் சுற்றுப்புறம்: சால்டர் உருண்டை, ஃப்ளக்ஸ் மிச்சம், போர்டில் கீறல். புதியவர்கள் நேராக இணைப்பின் பளபளப்புக்குப் போய்விடுகிறார்கள். தலைகீழாக மாட்டிய டையோடு கண்ணில் படாமலே தப்பிவிடும்.

நனைதலைப் பார்ப்பது இணைப்பின் ஓரத்தில். சால்டர் பேடில் சேரும் கோணம் 90 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஓரம் மெலிந்து மேற்பரப்போடு கலந்திருக்க வேண்டும். உருண்டு உட்கார்ந்து, ஓரத்தில் உள்ளே மடிந்திருந்தால் பிடிக்கவில்லை. இதற்கு விலக்கும் உண்டு: சால்டர் அளவு அதிகமாகிப் பேடின் விளிம்பையோ சால்டர் மாஸ்க்கையோ (போர்டின் மேல் உள்ள காப்புப் பூச்சு) தாண்டி வழிந்ததால் கோணம் 90-ஐத் தாண்டினால் ஏற்கலாம். இந்த விலக்கைத் தேர்வில் மறக்காமல் கேட்பார்கள்.

மங்கல் இணைப்புக்கு வருவோம். ஈயக் கலவைக் காலத்தில் "பளபளப்பு என்றால் நல்லது" என்று கற்றவர்கள் இன்னும் அந்தக் கண்ணோடே இருக்கிறார்கள். ஈயமில்லா சால்டர் உறையும்போது மேற்பரப்பு மணல்மணலாக, மங்கலாகவே இருக்கும். நனைதல் சரியாக இருந்தால் அது ஏற்கத்தக்கது. வாடிக்கையாளர் தரப்பிலிருந்து "இணைப்பு மங்கல்" என்று போர்டு திரும்பி வந்தால், எந்த விதியின்படி பழுது என்று கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேயே முடியும். ஆனால் மங்கலும் அசைவால் வந்த கலங்கலும் ஒன்றல்ல. உறையும்போது ஆட்டப்பட்ட இணைப்பில் சுருக்கக் கோடுகள் அலையலையாகத் தெரியும். அது பழுது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பழகுங்கள்; புத்தகப் படம் மட்டும் போதாது. வேண்டுமென்றே சில இணைப்புகளை உறையும்போது ஆட்டி மாதிரி செய்து வைத்துக்கொள்ளலாம்.

எண்களில் இவை கையில் இருக்கட்டும். முலாம் பூசிய துளையில் சால்டர் நிரம்பும் உயரம் வகுப்பு 2, 3 இரண்டுக்கும் 75 சதவீதம். வகுப்பு 2-ல் சில குறிப்பிட்ட நிலைகளில் 50 சதவீதம்வரை இறங்க இடமுண்டு. வெளியே நீட்டியிருக்கும் கால் வகுப்பு 2-ல் 2.5 மி.மீ., வகுப்பு 3-ல் 1.5 மி.மீ.க்கு மிகக் கூடாது. ஆனால் காலின் நுனி சால்டருக்குள் தெரியாமல் மூழ்கவும் கூடாது. சிப் பாகம் பக்கவாட்டில் பேடுக்கு வெளியே நீட்டுவது வகுப்பு 1, 2-ல் அகலத்தின் 50 சதவீதம்வரை, வகுப்பு 3-ல் 25 சதவீதம்வரை. நுனிப்பக்கம் பேடைத் தாண்டி நீட்டினால் எந்த வகுப்பிலும் பழுதுதான்.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். ஒரு சிப் கெப்பாசிட்டரின் அகலம் 1.2 மி.மீ. லென்ஸில் அளந்தால் 0.4 மி.மீ. வெளியே இருக்கிறது. மூன்றில் ஒரு பங்கு, அதாவது 33 சதவீதம். வகுப்பு 2 போர்டு என்றால் தொடாமல் விடுங்கள். வகுப்பு 3 என்றால் 0.3 மி.மீ.தான் எல்லை, பழுது. பாகம் ஒன்றே, அளவு ஒன்றே. வரைபடத்தில் எழுதிய வகுப்பு மாறினால் தீர்ப்பும் மாறுகிறது. பார்வைக்குக் கோணலாக இருக்கிறதே என்பதற்கு இங்கே இடமே இல்லை.

பந்துக் கால் ஐ.சி.க்களில் இணைப்பு அடியில் மறைந்திருக்கும். எக்ஸ்ரேயில் தெரியும் காற்றுக்குழி பந்தின் பரப்பில் 30 சதவீதம்வரை ஏற்கலாம்.

படி 7: புத்தகத்தைப் படிக்கும் முறை

தரநிலையை முதல் பக்கத்திலிருந்து கதைப் புத்தகம்போல் படித்தால் மூன்றாம் நாள் தூக்கம் வரும். எது எங்கே இருக்கிறது என்று அறிவதுதான் குறிக்கோள். பகுதிகளுக்கு வண்ணச் சீட்டு ஒட்டுங்கள். அட்டவணைகளுக்குத் தனி நிறம். தேர்வில் பெரும்பாலான கேள்விகளுக்குப் புத்தகத்தைத் திறந்து பார்க்கலாம் என்பதால் பலர் படிக்காமலே வருகிறார்கள். தேடுவதிலேயே நேரம் முடிந்துவிடுகிறது. சொந்தச் சீட்டு ஒட்டிய பிரதியைத் தேர்வுக்கு எடுத்துவர அனுமதி உண்டா என்று மையத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

ஜே-எஸ்டிடி-001-ல் விதிகளின் முடிவில் சதுர அடைப்புக்குள் என்1பி2டி3 போன்ற குறியீடுகள் வரும். எண் வகுப்பைக் குறிக்கிறது. டி என்றால் பழுது. பி என்றால் செயல்முறைக் குறிப்பு. ஏ என்றால் ஏற்கத்தக்கது. என் என்றால் அந்த வகுப்புக்கு நிபந்தனை வகுக்கப்படவில்லை. இதைப் பிடித்துவிட்டால் பாதிப் புத்தகம் கையில் வந்துவிடும்.

செயல்முறைக் குறிப்பு என்பதைப் புரிந்துகொள்வதில்தான் பலர் சறுக்குகிறார்கள். அது பழுது அல்ல. போர்டை அப்படியே அனுப்பலாம், திருத்த வேண்டாம். ஆனால் செயல்முறையில் ஏதோ நழுவுகிறது என்ற எச்சரிக்கை. அதைக் கணக்கில் வைத்து, எண்ணிக்கை கூடினால் இயந்திரத்தின் பக்கம் போய்ப் பார்க்க வேண்டும். எல்லாச் செயல்முறைக் குறிப்பையும் அயர்னால் சரிசெய்யும் கூடத்தில் மூல காரணம் ஒருநாளும் வெளியே வராது.

பழைய பதிப்பில் படித்தவர்களுக்கு ஒரு குறிப்பு. 610-ல் முன்பு இலக்கு நிலை என்று மிகச் சிறந்த இணைப்பின் படம் தனியாக இருந்தது. 2020-ல் வந்த ஹெச் பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள். நல்ல முடிவு என்றே சொல்வேன். அந்தப் படத்தைக் காட்டியே ஏற்கத்தக்க போர்டுகளைத் திருப்பி அனுப்பியவர்கள் ஏராளம். அடுத்த பதிப்பான ஜே 2024-ல் வந்தது.

முன்னுரிமை வரிசையும் தெரிந்திருக்க வேண்டும். வாடிக்கையாளருக்கும் தயாரிப்பாளருக்கும் நடுவே எழுத்தில் ஒப்புக்கொண்டதே முதல். பிறகு வரைபடம். அதன் பின், வாடிக்கையாளர் கேட்டிருந்தால், 610. வரைபடம் ஒன்று சொல்லி 610 வேறு சொன்னால் வரைபடமே வெல்லும்.

சுத்தம் பற்றிய பகுதியில் பழைய வாத்தியார்களே தடுமாறுவார்கள். சதுர செ.மீ.க்கு 1.56 மைக்ரோகிராம் உப்புக்குச் சமமான மிச்சத்துக்குக் கீழே இருந்தால் போர்டு சுத்தம் என்ற எண் பல்லாண்டு புழங்கியது. 2018-ல் வந்த திருத்தத்தில் அதை ஏற்பு அளவாக வைத்திருந்ததை நீக்கிவிட்டார்கள். இப்போது உங்கள் ஃப்ளக்ஸ், உங்கள் செயல்முறை நம்பகமானது என்பதை ஆதாரத்தோடு காட்ட வேண்டும். யாராவது வகுப்பில் 1.56-ஐ மட்டும் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனால், அவர் பாடக் குறிப்பு பழையது.

படி 8: பயிற்சி மையத்தைத் தேர்ந்தெடுப்பது

அங்கீகாரம் பெற்ற மையமா என்று அமைப்பின் இணையதளத்திலேயே சரிபாருங்கள். சேரும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். எந்தப் பதிப்பில் பாடம் நடத்துகிறீர்கள்? தரநிலைப் பிரதி கட்டணத்தில் அடக்கமா? ஜே-எஸ்டிடி-001 என்றால், செய்முறைக்கு ஒரு மைக்ரோஸ்கோப்புக்கு எத்தனை பேர்? மூன்றாவதற்குத் தயங்கினால் வேறு இடம் பார்க்கலாம். "எல்லோரும் பாஸ்" என்று விளம்பரம் செய்யும் இடத்தையும் தவிர்த்துவிடுவேன்.

கண் பரிசோதனை செய்து, கண்ணாடி தேவை என்றால் அதோடு போங்கள். விண்வெளித் துறைக்கான பயிற்சிகளில் கண் பரிசோதனைச் சான்றே கேட்பார்கள்.

படி 9: தேர்வு நாள்

எழுத்துத் தேர்வு இணைய வழியில், கண்காணிப்பாளர் முன்னிலையில் நடக்கும். கேள்வியை வாசித்ததும் முதலில் வகுப்பைத் தேடுங்கள்: 1-ஆ, 2-ஆ, 3-ஆ? அடுத்து, கேட்டிருப்பது பழுதா, ஏற்கத்தக்கதா, ஏற்கத்தகாததா? அவசரத்தில் எதிர்மறையைக் கவனிக்காமல் விடுவதால் போகும் மதிப்பெண்தான் அதிகம். படக் கேள்விகளில் உங்கள் கூடத்து வழக்கத்தை மறந்துவிடுங்கள். "எங்க இடத்துல இதை விடமாட்டோம்" என்பது அங்கே பதில் ஆகாது.

செய்முறையில் வேகத்துக்குப் பரிசு இல்லை. செய்த போர்டை ஒப்படைக்கும் முன் நீங்களே ஆய்வாளராகி அட்டவணைப்படி பாருங்கள். ஒரு துளையில் சால்டர் குறைவு என்றால் ஃப்ளக்ஸ் வைத்து ஒருமுறை திருத்தலாம். அதே பேடில் மூன்றாம் முறை அயர்ன் வைக்கும் நிலை வந்தால் நிறுத்திவிடுங்கள். ஓர் இணைப்பில் சால்டர் குறைவு என்பது ஒரு குறை. பேட் அதன் தடிமனைவிட அதிகமாகத் தூக்கிக்கொண்டால் அது போர்டுக்கே வந்த சேதம். பட்டை அணிய மறப்பது, சால்டர் துண்டுகளை மேசையில் விட்டு வைப்பது போன்றவற்றையும் பயிற்சியாளர் பார்த்துக்கொண்டே இருப்பார்.

படி 10: கூடத்துக்குத் திரும்பிய பின்

சான்றிதழோடு வந்த முதல் வாரத்தில் பலர் எல்லாவற்றிலும் குற்றம் கண்டுபிடிக்கத் தொடங்குவார்கள். அப்படிச் செய்யாமல், முதலில் உங்கள் தயாரிப்புகளின் வரைபடங்களை எடுத்து வகுப்பு எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதியிருக்கவில்லை என்றால் வாடிக்கையாளரிடம் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். வகுப்பு தெரியாத போர்டுக்கு யாராலும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

அடுத்து, நிராகரிப்புச் சீட்டில் காரணத்தோடு விதி எண்ணையும் எழுதும் பழக்கத்தைக் கொண்டுவாருங்கள். "சால்டர் சரியில்லை" என்று எழுதினால் திருத்துபவருக்கு என்ன செய்வதென்று தெரியாது. "துளை நிரப்பம் 75 சதவீதத்துக்குக் குறைவு, வகுப்பு 3, யு7 பாகத்தின் 4-ஆம் கால்" என்றால் அவர் நேராக அந்தக் காலுக்குப் போவார். விதி எண் எழுத முடியாத நிராகரிப்பு வந்தால், போர்டைத் திருப்பி அனுப்பும் முன் சக ஆய்வாளர் ஒருவரிடம் காட்டுங்கள். சில மாதத்தில் தேவையற்ற ரீவொர்க் எவ்வளவு இருந்தது என்று கணக்கே சொல்லிவிடும்.

சர்ச்சைக்குரிய போர்டுகளைக் குப்பையில் போடாமல் பெயர், வகுப்பு, தீர்ப்பு எழுதி ஒரு பெட்டியில் சேர்த்து வையுங்கள். புதிதாக வருபவர்களுக்குக் கண்ணைப் பழக்க இதைவிட நல்ல பாடப்பொருள் கிடையாது. இரண்டு ஆய்வாளர்களிடம் தனித்தனியாக அதே போர்டுகளைக் கொடுத்துத் தீர்ப்புகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம். வேறுபடும் இடத்தில் புத்தகத்தைத் திறங்கள்.

சான்றிதழ் காலாவதியாகும் நாளை நாட்காட்டியில் குறித்து, அதற்கு மூன்று மாதம் முன்பே மறுதேர்வுக்குப் பதிவு செய்யுங்கள். அந்த இரண்டு ஆண்டுக்குள் புதுப் பதிப்பு வந்திருந்தால் பழைய சீட்டுகள் ஒட்டிய புத்தகம் உதவாது. புதுப் பதிப்பில் மாறிய இடங்களை முதலில் தனியாகப் பட்டியல் எடுத்து, அவற்றை மட்டும் படித்துவிட்டுப் பிறகு மற்றவற்றுக்கு வாருங்கள்.